நாற்பதோடு கதவைச் சாத்தாதீர்கள்: நில அளவை படிக்கப் போன ஜெராக்ஸ் கடைக்காரனின் திறந்த மடல்

தொழிற்கல்வியில் யார் சேரலாம், எந்த வயது வரை சேரலாம், வகுப்பு எத்தனை மணிக்கு என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். எனக்கு 46 வயது. மதுரைக்கு மேற்கே ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு 21 வயது ஆகிறது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, வில்லங்கம், வயலின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படம் என்று என் கண்ணாடி மேல் குப்புறப் படுக்காத காகிதம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. பெரும்பாலும் இப்போது இணையத்திலேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். காகிதத்தை எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வாங்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்புறம் என்னைப் பார்ப்பார். "இதுல என்னய்யா போட்டிருக்கு?"

அந்தக் கேள்விதான் என்னை 42 வயதில் படிக்க அனுப்பியது.

ஒரு கோடையில் பங்காளிகள் இருவர் வந்தார்கள். பொது வரப்பில் தகராறு. புலப்படத்தில் அந்த வரப்புக்கு 24.6 என்று எழுதியிருந்தது. மூத்தவர் அதை அடி என்று எடுத்துக்கொண்டு, டேப்பு வைத்து அளந்து, தம்பி ஐம்பத்தாறு அடி பிடித்துவிட்டான் என்று ஊரைக் கூட்டியிருந்தார். படத்தில் இருப்பது மீட்டர். 24.6 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 80 அடி 8 அங்குலம். தம்பி ஒரு சாண் கூடத் தாண்டவில்லை. நான் கால்குலேட்டரில் தட்டிக் காட்டியதும் இருவரும் பேசாமல் நின்றார்கள். அதற்குள் மூத்தவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாயிற்று.

இது ஒருவருடைய அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. எங்கள் தாத்தா காலத்துப் படத்தில் அளவு லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். 1979இல் தொடங்கி 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். வேலையில் எல்லாம் ஹெக்டேர், ஏர் என்று மாறியது. ஆனால் சனம் பேசுவது சென்ட்டும் அடியும். எங்கள் அம்மாச்சி கடைசி வரை குறுக்கம் என்ற பழைய நில அளவைத்தான் சொன்னது. ஒரே வயலை நான்கு அளவு மொழிகளில் பேசுகிற ஊரில் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா இல்லையா? அந்த வேலையை ஜெராக்ஸ் கடைக்காரன் குத்துமதிப்பாகச் செய்துகொண்டிருந்தேன். குத்துமதிப்பு எவ்வளவு ஆபத்து என்பது படித்த பிறகுதான் தெரிந்தது.

படிப்புக்கு முன்னாலேயே களத்துக்குப் போனவன் நான். ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் என் கடைக்கு வருவார். பெரியவர் என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாருக்கு அளந்து கொடுப்பார். ஒரு நாள் அவருடைய ஆள் வராமல் போக, "சும்மாதானே இருக்க, வாடா" என்று கூட்டிப்போனார். அன்றைக்குப் பிரிசக் கம்பை, அதாவது அளவுக் கருவிக்கு எதிரே நிறுத்தும் கண்ணாடி வைத்த கம்பை, பிடித்தவன்தான். நான்கு வருடம் ஞாயிறு விடாமல் போனேன். ஜி லைன் என்பது மூலைக்கு மூலை உள்ளே இழுத்த கோடு, எஃப் லைன் புலத்தின் எல்லைக் கோடு, கோட்டிலிருந்து வரப்பு வளையும் இடத்துக்குச் செங்குத்தாக எடுக்கிற அளவு ஆஃப்செட், எதற்கும் முதலில் கல்லைத் தேடு, கல் இல்லாமல் அளப்பது கடவுள் இல்லாத கருவறை என்பதெல்லாம் அவர் வரப்பில் நின்று சொன்ன பாடம். ஆனால் 'ஏன்' என்று கேட்டால், "அதெல்லாம் படிச்சவனுக்குத்தான் தெரியும், எனக்குச் செய்யத் தெரியும்" என்று சிரித்துவிடுவார். எனக்கு அந்த 'ஏன்' தேவைப்பட்டது.

சரி, முறையாகப் படிப்போம் என்று ஐ.டி.ஐ. சர்வேயர் பிரிவில் சேர விசாரித்தேன். தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ.யில் சேர ஆண்களுக்கு உச்ச வயது 40. பெண்களுக்கு உச்ச வரம்பு கிடையாது. விண்ணப்பம் வாங்குகிற இடத்தில் இருந்த தம்பி என் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுக் கேலி எதுவும் இல்லாமல் அக்கறையாகவே சொன்னார்: "அண்ணே, ரெண்டு வருசம் தாண்டிருச்சு. வேணும்னா உங்க வீட்டம்மாவைச் சேத்து விடுங்க. அவங்களுக்கு வயசே இல்ல."

வீட்டில் வந்து சொன்னேன். "நான் வெயில்ல கம்பு புடிக்கிறேன், நீங்க ஜெராக்ஸ் எடுங்க" என்று என் மனைவி அரை மணி நேரம் சிரித்தாள். பெண்களுக்கு வரம்பு இல்லாததில் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைகளை வளர்த்து முடித்து ஐம்பதில் ஒரு பெண் படிக்க வந்தால் கும்பிட்டுச் சேர்க்க வேண்டும். அந்த நியாயத்தைக் கொஞ்சம் நீட்டி எங்களுக்கும் கொடுங்கள் என்பதுதான் இந்த மடல்.

நான் பிளஸ் டூவில் கணக்கு எடுத்துப் படித்தவன். அதை வைத்து ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் பட்டயப் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடிந்தது. அங்கே யாரும் வயதைக் கேட்கவில்லை. ஆனால் பகல் வகுப்பு. இரண்டு வருடம் கடையை மனைவி பார்த்துக்கொண்டாள். எத்தனை வீட்டில் அது நடக்கும்?

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றார்கள். நான் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் பெரிய அமைதி. ஒரு வாரம் சார், ஒரு மாதம் அண்ணே, அதற்கப்புறம் சித்தப்பு. கடைசி வரைக்கும் சித்தப்புதான்.

நான் பயந்தது கணக்குக்கு. சைன், காஸ் எல்லாம் மறந்து கால் நூற்றாண்டு. அப்போது என் மகள் பதினொன்றாம் வகுப்பு. ராத்திரி இரண்டு பேரும் ஒரே மேசையில் முக்கோணவியல் போடுவோம். "அப்பா, காஸ் அறுபது அரை. இது கூடவா?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். மூன்று மாதத்தில் வந்துவிட்டது. புலப்படத்தில் பார்த்துப் பழகிய முக்கோணங்கள்தானே, பெயர்தான் புதிது.

ஒன்று சொல்ல வேண்டும். கோணம் அளக்கிற கருவியான தியோடலைட்டின் மட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டுவருவதற்கு ஒரு விதி உண்டு. இரண்டு கால் திருகுகளை ஒரே நேரத்தில் இரண்டும் உள்பக்கமாக, அல்லது இரண்டும் வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். இடது கட்டைவிரல் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் குமிழ் ஓடும். பெரியவர் கை அதைத்தான் செய்யும். அவருக்கு அதை விதியாகச் சொல்லத் தெரியாது. வகுப்பில் அந்த ஒரு வரியைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளை யாரோ ஒரு வரியில் எழுதிக் கையில் கொடுத்தது போல இருந்தது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது இரண்டு மதிப்பெண் கேள்வி. தப்பில்லை. ஆனால் களத்தில் கை காய்த்தவனுக்குப் பாடம் வேறு மாதிரி இறங்குகிறது என்பதை நீங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை.

இரும்பு டேப்பு சூட்டில் நீளும் என்பதும் அப்படித்தான். முப்பது மீட்டர் டேப்பு 25 டிகிரி கூடினால் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் நீளும். மே மாதம் மதியம் வாடிப்பட்டிப் பக்கம் கட்டாந்தரையில் டேப்பைப் போட்டு வைத்தால் அந்த 25 டிகிரி தாராளமாக ஏறிவிடும். நீளம் கூடிய டேப்பு உண்மையான தூரத்தைக் குறைத்துக் காட்டும். காலையில் அளந்ததும் மதியம் அளந்ததும் ஏன் இடிக்கிறது என்று நானும் பெரியவரும் ஒரு வரப்பில் நின்று மண்டையைப் பிய்த்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் பழியை என் மேல் போட்டார். கம்பைச் சாய்த்துப் பிடித்துவிட்டேனாம்.

சர்வே கேம்ப்பில் எங்கள் குழு ஐந்து மூலையுள்ள ஓர் இடத்தைச் சுற்றி அளந்தது. உட்கோணங்களைக் கூட்டினால் 540 டிகிரி வரவேண்டும். எங்களுக்கு ஏழு நிமிடம் கூடுதலாக வந்தது. "சித்தப்பு, ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுப் போட்டு மூடிரலாம்" என்றான் ஒருத்தன். நான் கடைக்காரன். கல்லாவில் பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி தூக்கம் வராத சாதி. விடவில்லை. மறுபடியும் அளந்தோம். மூன்றாவது மூலையில் முக்காலியின் ஒரு கால் ஈர மண்ணில் இறங்கியிருந்தது. அந்தப் பையன் இப்போது ஒரு சாலைத் திட்டத்தில் வேலை பார்க்கிறான். போன் போட்டால் முதலில், "கால் இறங்கலியே சித்தப்பு?" என்பான்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று என் மாமனார் சேர்ந்த அன்றே சொன்னார். இந்தத் தொழிலில் வளைய வேண்டியதே இல்லை மாமா, கோடு நேராக இருந்தால் போதும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இனி வயது விஷயத்துக்கு வருகிறேன். 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். அவர் பிறந்த வருடம் உறுதியாகத் தெரியவில்லை; ஆனால் பலரும் சொல்கிற கணக்குப்படி அப்போதே நாற்பதைத் தாண்டியிருந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அவருடைய அரை டன் தியோடலைட் மோதிச் சேதமாயிற்று. கூடாரத்துக்குள் அதை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தானே பழுது பார்த்தார். 1823இல், அதே வேலையாகப் போய்க்கொண்டிருந்தபோதே, மகாராட்டிரத்தின் இங்கன்காட்டில் இறந்தார். இன்றைய விதிப்படி அந்த மனுசனுக்கு இங்கே ஒரு சர்வேயர் சீட்டு கிடைக்காது. கிண்டி பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாக எட்டு மாணவர்களோடுதான் தொடங்கியது என்பதையும் சொல்லி வைக்கிறேன். நம் ஊர்ப் பொறியியல் படிப்பின் தாய்வேரே நில அளவைதான். அந்தக் கல்லூரியில் இன்றும் ஜியோஇன்ஃபர்மாட்டிக்ஸ், அதாவது புவித் தகவலியல், பட்டப்படிப்பு இருக்கிறது. பார்க்க ஆசைதான். கடையையும் வீட்டையும் தூக்கிக்கொண்டு கிண்டிக்குப் போக முடியாது.

பெரிய ஆட்கள் கதை கிடக்கட்டும். எங்கள் பக்கம் ஒரு எல்லைத் தகராறு எப்படி முடிகிறது என்று பாருங்கள். கோர்ட்டுக்குப் போனால் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரைப் போடுவார்கள். அவர் சர்வேயரோடு இடத்துக்கு வந்து அளந்து அறிக்கை கொடுப்பார். எந்தக் கருவி கொண்டுவந்தாலும் கடைசியில் எல்லாம் ஒரு கல்லில் வந்து நிற்கும். அந்தக் கல் சீமைக்கருவேலத்துக்குள் கிடக்கும், அல்லது யாரோ பெயர்த்துத் துவைகல்லாகப் போட்டிருப்பார்கள். ஒரு முறை சோழவந்தான் பக்கம் ஒரு வயலில் அப்படித்தான் தேடினோம். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அப்பத்தா, "நான் வாக்கப்பட்டு வந்தப்ப வாய்க்காமேட்டுல ஒரு கல்லு நிக்கும், அதுலதான் கண்டுக்குட்டியக் கட்டுவோம்" என்றது. அது காட்டிய இடத்தில் ஒன்றரை அடி தோண்டினோம்; மண்டையில் குறி வெட்டின கல் இருந்தது. அந்தக் கிழவியிடம் போய் உட்கார்ந்து வெற்றிலை வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுக்க நரைத்த தலை உதவுகிறது. இளவட்டம் கேட்டிருந்தால் அது வாயே திறந்திருக்காது. பங்காளிகள் அரிவாளை இடுப்பில் சொருகிக்கொண்டு நிற்கிற வரப்பில், "இருங்கப்பா, அளந்து முடிக்கட்டும்" என்று சொல்லவும் ஒரு வயது வேண்டியிருக்கிறது.

உங்கள் பக்க நியாயத்தை நான் யோசிக்காமல் இல்லை. அரசு வேலைக்கு வயது வரம்பு வைத்தால் புரிகிறது. சம்பளம், பென்சன், சேவைக்காலம் எல்லாம் இருக்கிறது. 2022இல் நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு 1,089 இடம் என்று அறிவிப்பு வந்தபோது என் கடையில்தான் வரிசை நின்றது. முன்பு குரூப் 4இல் பத்தாம் வகுப்பை வைத்தே சர்வேயர் ஆனார்கள். இந்த முறை சிவில் பட்டயமோ ஐ.டி.ஐ. சான்றிதழோ கேட்டிருந்தார்கள். அதைச் சரி என்றே சொல்வேன்; படித்தவன் அளக்கட்டும். நான் அந்த வேலையைக் கேட்கவில்லை. ஆனால் வேலைக்கு வைக்கிற வரம்பைப் படிப்பின் வாசலிலும் ஏன் வைக்கிறீர்கள்?

இன்னொரு நியாயம், சீட்டு. பதினெட்டு வயதுப் பையனின் இடத்தை நான் எடுத்துக்கொண்டால் அது பாவம். ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் பகல் இடத்தை நாங்கள் கேட்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, கோணமும் தூரமும் சேர்த்து அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறீர்கள். அது மறுநாள் காலை வரை சும்மா தூங்குகிறது. அந்த நேரத்தைக் கொடுங்கள். இருட்டில் எப்படி அளப்பது என்று கேட்காதீர்கள். வாரநாளில் கணக்கும் வரைபடமும் மென்பொருளும். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் களம். வெயில் ஏறுவதற்கு முன் நல்ல வேலை நடக்கும். பத்து மணிக்கு மேல் கானல் ஆடும். கண்ணாடிக்குள் கம்பு நெளியும். அது பதினெட்டு வயசுக்கும் நெளியும்.

முட்டி வலிக்காதா என்றால் வலிக்கும். மூக்குக்கண்ணாடி இல்லாமல் கருவியின் வெர்னியர் நுண்ணளவுக் கோடுகளைப் படிக்க முடியாது. பொய் சொல்லவில்லை. ஆனால் இப்போதைய கருவிகள் எண்ணைத் திரையில் காட்டுகின்றன, தூரத்தை ஒளியில் அளக்கின்றன. சங்கிலியை இழுத்துக்கொண்டு கருவேலங்காட்டில் ஓடிய காலம் மாறிவிட்டது. ஜி.பி.எஸ். கருவியை வைத்து விரற்கடைத் துல்லியத்தில் புள்ளி குறிக்கிறார்கள். உடம்பின் வேலை குறையக் குறைய, எங்கே நிறுத்துவது, எதை நம்புவது என்ற புத்தியின் வேலை கூடுகிறது.

நீங்கள் அதிகம் பார்க்காத ஒரு கூட்டமும் இருக்கிறது. தனியார் அளந்தது அரசுப் பதிவேட்டில் ஏறாது. ஆனால் வேலி போட, மனை பிரிக்க, வீட்டுக்கு அஸ்திவாரம் குறிக்க மக்கள் முதலில் கூப்பிடுவது தனியார் ஆட்களைத்தான். நான் களத்தில் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் முன்பு கம்பு பிடித்தவர்கள், மேஸ்திரி வேலை பார்த்தவர்கள், பத்தாவதோடு நின்றவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். நல்ல கை. ஆனால் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பங்கிடுவது என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நீங்கள் சேர்த்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் நாளைக்கு ஒரு நிலத்தை அளக்கத்தான் போகிறார்கள். படித்துவிட்டு அளந்தால் எத்தனை வக்கீல் நோட்டீஸ் மிச்சமாகும்?

எனக்கு அடுத்தது பட்டம். சிவில் பொறியியலில் பட்டயம் முடித்தவர்கள் இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலை பார்ப்பவர்களுக்காக மாலை நேரப் பட்டப்படிப்பு நடத்தவும் 2023இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வழி திறந்துவிட்டது. சந்தோசமாக ஒரு கல்லூரிக்குப் போனேன். நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் சான்று வேண்டும் என்றார்கள். நிறுவனம் என்றால் என் ஜெராக்ஸ் கடைதான். முதலாளியும் நான், வேலையாளும் நான். எனக்கு நானே லெட்டர்பேட் அடித்துச் சான்று எழுதிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுயதொழில் செய்கிறவனும் வேலைதான் பார்க்கிறான் என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆகவே கேட்பது இதுதான். சர்வேயர் பிரிவில் ஆண்களுக்கான நாற்பதை எடுத்துவிடுங்கள். ஒரேயடியாக எல்லாப் பிரிவிலும் முடியாது என்றால் இதில் மட்டுமாவது. மதுரையில் ஓர் இடத்தில் மாலை வகுப்பு தொடங்குங்கள். களத்தில் கழித்த வருடங்களை ஒரு செய்முறைத் தேர்வு வைத்துச் சோதித்து, தேறினால் அதற்குத் தக்கபடி படிப்புக் காலத்தைக் குறையுங்கள். சும்மா குறைக்க வேண்டாம், சோதித்துக் குறையுங்கள். கம்பு பிடித்தவனெல்லாம் சர்வேயர் இல்லை என்று எனக்கே தெரியும்.

நேரம் ஆறிலிருந்து எட்டரை என்று வைத்தால் மேலூர்க்காரர் மாட்டுத்தாவணிக்கும் உசிலம்பட்டிக்காரர் ஆரப்பாளையத்துக்கும் போய் பஸ் பிடிக்கத் தோதாக இருக்கும்.

கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு வைத்திருக்கிறேன். இப்படி ஒரு வகுப்பு வந்தால் சேருகிறேன் என்பவர்கள் பெயர், வயது, படிப்பு எழுதிவிட்டுப் போகிறார்கள். இதுவரை 11 பேர். அதில் மூத்தவருக்கு 53. அவர் படிப்பு என்ற கட்டத்தில், யாரும் கேட்காமலே, "பத்தாம் வகுப்பு, கணக்கு 71" என்று எழுதி, 71க்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்,
மதுரை மாவட்டம்